தக்கை அவர் கையில் இருந்தது

ஓய்வு பெற்ற நிருபரை உங்களைப் போன்ற பயிற்சி நிருபர்களிடம் பேசக் கூப்பிட்டால் புயலைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். காரைக்காலில் முப்பது ஆண்டு செய்தி சேகரித்தவனிடம் புயலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புயலில் நான் பெரிய தவறு எதுவும் செய்ததில்லை. புயல் எல்லோர் கண்ணிலும் படுவது. தப்பாக எழுதினால் மறுநாள் காலையிலேயே டீக்கடையில் திருத்திவிடுவார்கள். நான் தவறு செய்தது வெயில் நன்றாக அடித்த ஒரு காலையில், கைக்கெட்டும் தூரத்தில் நின்று, என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு. அதனால் அதைச் சொல்கிறேன்.

விஷயம் சின்னது. ஜெட் ஸ்கீ என்ற, தண்ணீரில் நின்றபடி ஓட்டும் மோட்டார் வண்டி ஒன்று தண்ணீர் ஏறி மூழ்கியது. ஏன் மூழ்கியது என்று நான் எழுதினேன். நான் எழுதிய காரணம் தவறு.

ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் தனியார் படகுக் குழாம் ஒன்று அப்போது புதிதாகத் தொடங்கியிருந்தது. பெயர் வேண்டாம். அதன் முதலாளி கலியபெருமாள், நெல் விவசாயக் குடும்பத்துக்காரர். டிராக்டர் தெரியும், அறுவடை இயந்திரம் தெரியும், கடல் தெரியாது. கடல் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைத்திருந்தார். ஹாஜா மைதீன், திருமலைராயன்பட்டினத்துக்காரர், வயது ஐம்பத்து மூன்று. வளைகுடாவில் ஒரு படகுத்துறையில் இருபது வருடம் இந்த வண்டிகளைக் கழற்றி மாட்டியவர். இனிமேல் போவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அவருக்குத் தெரிந்த வேலைக்கு எங்கள் ஊரில் இருந்தது இந்த ஒரே இடம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜைக்கு முதலாளி என்னைப் படமெடுக்க அழைத்திருந்தார். கொட்டகையில் துடுப்புகள், மிதவை உடுப்புகள், ஸ்பேனர்கள் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. நடுவில் அந்தச் சிவப்பு ஜெட் ஸ்கீ. முதலாளி கனமான செவ்வந்தி மாலை ஒன்றை அதற்குப் போட்டார். படத்துக்காக நானும் ஒரு சிறு ஏற்பாடு செய்துகொண்டேன். நிருபர்கள் எல்லோரும் செய்வதுதான். படம் நன்றாக வந்தது.

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை முடியும்வரை யாரும் தொடுவதில்லை. உங்கள் வீட்டிலும் பாடப்புத்தகத்தை அப்படித்தான் வைத்திருப்பீர்கள். படிக்காமலிருக்க ஒரு நாள் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டும் இருப்பீர்கள். அந்த வண்டியும் மாலையோடு அப்படியே கிடந்தது.

மறுநாள் காலை தொடக்க விழா. கற்பூரம் காட்டி முடிந்ததும் முதலாளி தன் கையாலேயே மாலையை எடுத்து, எஞ்சின் மூடியை மூடினார். அப்போது ஹாஜா பாய் பக்கத்தில் வந்து, "ஒரு தடவ உள்ள பாத்துக்கறேன் முதலாளி" என்றார்.

"நல்ல நேரம் ஒன்பதரைக்கு முடியுது பாய். எறக்குங்க, எறக்குங்க."

இறக்கினார்கள். என் குறிப்பேட்டில் மணி ஒன்பது இருபது என்று இருக்கிறது. ஆற்றுப் பக்கத் துறையில் கயிறு கட்டி நிறுத்தினார்கள். சிறப்பு விருந்தினர் ஒன்பதரைக்கு வர வேண்டியவர், பத்தே காலுக்கு வந்தார். பேசினார். நம்மிடம் இவ்வளவு கடல் இருந்தும் நாம் அதில் குளிக்க மட்டும்தான் செய்கிறோம் என்று வருத்தப்பட்டார். பத்தரைக்கு, வண்டி ஓட்ட வைத்திருந்த செல்வம் அதைக் கிளப்பினான். மீனவக் குடும்பத்துப் பையன் என்று செய்தியில் எழுதியிருந்தேன். பையனில்லை, முப்பது வயது ஆள், பல்லும் தோளும் ஒரே அளவுக்கு உறுதி.

இந்த வகை வண்டியில் உட்கார இருக்கை கிடையாது. நின்றுகொண்டு ஓட்ட வேண்டும், அடிக்கடி விழ வேண்டும். விழுந்தால் வண்டி கவிழும், நிமிர்த்தி ஏறவேண்டும். செல்வம் முகத்துவாரத்தைத் தாண்டி அலைக்குள் போய் ஆறேழு முறை விழுந்து எழுந்தான். ஒவ்வொரு முறையும் கரையில் கைதட்டல். அவன் விழுந்ததெல்லாம் வித்தை என்று கூட்டம் நினைத்தது. இருபது நிமிடத்தில் வண்டி இருமியது. பின்பக்கம் தாழ்ந்தது. எஞ்சின் நின்றது. பிறகு மெதுவாக, யாரையும் அவசரப்படுத்தாமல், மூழ்க ஆரம்பித்தது. உள்ளே மிதவைப் பஞ்சு வைத்திருப்பார்கள் என்பதால் முழுக்கப் போகாது. மூக்கு மட்டும் வெளியே நின்றது. "கடலில் மூழ்கியது" என்ற என் தலைப்புக்குக் கீழே மூக்கு நீட்டிய வண்டியின் படம்தான் வந்தது. அந்த முரண்பாட்டைக்கூட யாரும் கேட்கவில்லை.

ஃபைபர் படகு ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது. பத்துப் பேர் பிடித்தும் வண்டி மணலில் ஏறவில்லை. வயிறு நிறையத் தண்ணீர். ஹாஜா பாய் ஓடி வந்து, பின்பக்கம் அடியில் வடிகால் ஓட்டைகளை அடைத்திருந்த இரண்டு தக்கைகளையும் திருகி எடுத்தார். திறந்துவிட்ட குழாய் போல இரண்டு பக்கமும் தண்ணீர் கொட்டியது. வண்டி எடை குறைந்து மேலேறியது. அந்த நேரத்தில் அங்கே சரியாகச் செய்யப்பட்ட ஒரே காரியம் அதுதான்.

மேடையிலிருந்து முதலாளி வந்து சேர்ந்தபோது அவர் கண்ணில் பட்டது மூன்று: தண்ணீர் கொட்டும் இரண்டு ஓட்டைகள், தலை குனிந்த செல்வம், ஹாஜா பாயின் இடது கையில் இரண்டு தக்கைகள்.

"என்ன பாய் இது கையில?"

"தக்கை, முதலாளி."

அவ்வளவுதான். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்.

"அடப்பாவி, இத மாட்டாமலா வண்டிய அனுப்புன?"

ஹாஜா பாய் பதில் சொல்லவில்லை. முழங்காலிட்டு மூடியைத் திறந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். எஞ்சின் குடித்த உப்புத் தண்ணீரை உடனே வெளியேற்றி, கழுவி, எண்ணெய் விடாவிட்டால் சாயங்காலத்துக்குள் அது இரும்புக் கட்டி. அவர் முன் இரண்டு வேலை இருந்தன. தன் பெயரைக் காப்பாற்றுவது ஒன்று, எஞ்சினைக் காப்பாற்றுவது ஒன்று. இரண்டுக்கும் நேரமில்லை. எஞ்சினை எடுத்துக்கொண்டார். பதில் சொல்லாதவனிடம் பதில் இல்லை என்று சுற்றி நின்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

அங்கே நான் யார் யாரைக் கேட்டேன் என்பதைக் குறிப்பேட்டைப் பார்த்தே சொல்கிறேன். முதலாளியைக் கேட்டேன். சிறப்பு விருந்தினரைக் கேட்டேன், "வருத்தமளிக்கிறது" என்றார். வேடிக்கை பார்த்த இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் அப்போதுதான் வந்திருந்தார். தக்கையைக் கையில் வைத்திருந்தவரைக் கேட்கவில்லை. அவர் வேலையாக இருந்தார். நானும் வேலையாக இருந்தேன். மதியத்துக்குள் செய்தி போக வேண்டும்.

"அடிப்பகுதித் தக்கைகள் பொருத்தப்படாததே காரணம்" என்று எழுதி அனுப்பினேன். பன்னிரண்டு மணிக்கு எஞ்சின் மறுபடி உயிரோடு இருமியது. பன்னிரண்டேகாலுக்கு முதலாளி ஹாஜா பாயிடம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

நம் பத்திரிகைக்கு ஆயுத பூஜையன்று விடுமுறை. உங்களுக்குத் தெரியும், மறுநாள் இதழ் வராது. அதனால் பூஜைப் படங்களும் விஜயதசமிச் செய்திகளும் ஒரே நாளில் வந்து விழும். அந்த ஆண்டு எங்கள் மாவட்டப் பக்கத்தில் மேலே மூன்று பத்தியில் என் செய்தி, கீழே முதலாளி மாலை போடும் என் படம். நடுவில் நாலு விரல் இடைவெளி. நான் இரண்டையும் வாசித்தேன், பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தேன், மடித்து வைத்தேன்.

பத்து மணிக்கு அலுவலக டெஸ்க்கிலிருந்து போன் வந்தது. பக்கம் போட்ட உதவி ஆசிரியர், என்னைவிட இருபத்தைந்து வயது இளைய பெண். நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம்.

"சார், ஒருத்தர் போன் பண்ணித் திட்டினாரு. உங்க ஊர் மீன்காரராம்."

"என்னவாம்?"

"'தக்கை இல்லாம ஒரு மணி நேரம் மெதக்குற படகு எங்க விக்குதும்மா, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு'ன்னாரு. எனக்குப் புரியல சார். அந்த வண்டி ஓட்டறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் தண்ணியில நின்னுச்சு?"

குறிப்பேட்டை எடுத்தேன். ஒன்பது இருபதுக்கு இறக்கினார்கள். பத்தரைக்குக் கிளப்பினார்கள். தக்கை இருக்க வேண்டிய ஓட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. தக்கை இல்லையென்றால் விருந்தினர் வருவதற்கு முன்பே வண்டி துறையிலேயே குந்தியிருக்கும். ஒரு மணி பத்து நிமிடம் அது காய்ந்த வயிற்றோடு மிதந்தது. விருந்தினர் தாமதத்தைச் சபித்தபடி அந்த நேரங்களை எழுதி வைத்தது நான்தான். என் செய்தி பொய் என்பதற்கான சாட்சி என் சட்டைப்பையிலேயே இருந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. தப்பு நடந்துடுச்சுன்னு நெனைக்கிறேன். சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

தலத்தெருவில் என் வீட்டிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு திருமலைராயன்பட்டினம் போனேன். வழியில் மீன் மார்க்கெட் பக்கம் அவர் வீட்டுக்கு வழி கேட்டேன். "யாரு, தக்கை பாய் வீடா?" என்றார்கள். பத்திரிகை வந்து நான்கு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

ஹாஜா பாய் வாசலுக்கு வந்து, "வாங்க சார்" என்றார். கோபமாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. உள்ளே மேசையில் என் செய்தி இருந்தது, அதன்மேல் அவருடைய பாஸ்போர்ட் இருந்தது.

"ஏஜென்ட் நாளைக்குக் காலைல வர்றாரு. பழைய கம்பெனியில ஒரு எடம் இருக்காம்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "பேப்பர்காரவொளுக்கு டீ குடுக்கவா, வேணாமா?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. டீ வந்தது.

"தக்கை மாட்டியிருந்தீங்களா பாய்?" நேற்று மணலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"மாட்டினேன். கரைக்கு வந்தப்பறம் கழட்டினேன். கழட்டாம எப்படி சார் தூக்குறது?"

"அப்ப தண்ணி எப்படி உள்ள வந்துச்சு?"

அவர் சிரித்தார். "எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. ஓட்டை எங்கன்னு தேடறாங்க. இந்த வண்டியில தண்ணி ஏறாம இருக்காது சார். மூடி ஓரமா ஏறும், காத்து போற வழியா ஏறும், கவுந்தா நல்லாவே ஏறும். புது வண்டியிலயும் ஏறும். ஏறுறது பெரிசில்ல. ஏறினது ஏன் எறங்கலன்னு பாக்கணும்."

பிறகு டீ கிளாஸை வைத்து விளக்கினார். வண்டி ஓடும்போது பின்னால் பீய்ச்சியடிக்கும் தண்ணீரின் வேகமே உள்ளே தேங்குவதை ஒரு மெல்லிய குழாயால் உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். குழாயின் வாயில், வண்டியின் அடி வயிற்றில், ஒரு சின்ன வடிகட்டி இருக்கும். அது அடைத்தால் ஏறியது ஏறியபடி நிற்கும். விழ விழச் சேரும். சும்மா நிற்கும் வண்டியில் இது தெரியாது. ஓடி, விழுந்து, அலையில் புரண்டால்தான் தெரியும்.

"அத அடைக்கிற மாதிரி உள்ள என்ன இருந்துச்சு?"

"அத நான் எப்படி சார் சொல்றது? எஞ்சினைக் காப்பாத்தினதோட என்னை அனுப்பிட்டாங்க. அடியில பாக்கறதுக்குள்ள கொட்டகைய பூட்டியாச்சு." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எறக்குறதுக்கு முன்னாடி நான் வற்புறுத்தி இருக்கணும். அது என் தப்புதான்."

தன் பங்கை அவர் சொல்லிவிட்டார். இந்த விவகாரத்தில் தன் பங்கைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு படகுக் குழாமுக்கு வந்தேன். முதலாளி கொட்டகை வாசலில் நின்றார்.

"அவர ஏன் சார் கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் எழுதினது தப்பா இருக்கும்போலத் தெரியுது. சரிபாக்கணும்."

"தப்பா? அதான் பேப்பர்லயே வந்துடுச்சே!"

உங்களில் யாராவது இந்தத் தொழிலின் பெருமையைப் பற்றிக் கட்டுரை எழுதினால் இந்த வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கைக் காட்டினேன். அவர் விவசாயி. தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எங்கே பாயும் என்பது அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு முறை வாசித்துவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

ஜெட் ஸ்கீயின் மூடியைத் தூக்கினார்கள். ஹாஜா பாய் இரண்டடி பின்னால் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்க எடுங்க பாய்" என்றார் முதலாளி.

"வேண்டாம் முதலாளி. நீங்களே எடுங்க. என் கையில எதையாவது பாத்தீங்கன்னா வம்பு."

முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல, அடியில் துழாவினார். வடிகட்டி வந்தது. அதைச் சுற்றி மஞ்சளாக, கூழாக, ஒரு கைப்பிடி. முகர்ந்து பார்த்தார்.

"செவ்வந்தி" என்றார்.

நான் என் போனில் பூஜைப் படத்தை எடுத்தேன். திறந்த மூடி, பளபளக்கும் எஞ்சின், அதன்மேல் இரண்டு கையாலும் மாலையை இறக்கும் முதலாளி. பெரிதாக்கிப் பார்த்தால் உதிர்ந்த இதழ்கள்கூடத் தெரிந்தன. அந்தப் படம் அன்று காலை பல ஆயிரம் வீடுகளுக்குப் போயிருந்தது. அதன் தலைமேல் தவறான காரணம் மூன்று பத்தியில்.

முதலாளி படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் கைப்பிடியிலதானே சார் போடப் போனேன். நீங்கதானே, 'படத்துல சைக்கிள் மாதிரி தெரியுது, மூடியத் தொறந்து எஞ்சினுக்குப் போடுங்க'ன்னு சொன்னீங்க?"

சொன்னேன். நான் முன்பு சொன்ன அந்தச் சிறு ஏற்பாடு அதுதான்.

ஹாஜா பாய் கூரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

முதலாளிதான் முதலில் சமாளித்தார். "சரி விடுங்க. சாமிக்குப் போட்ட பூவ யாரு குத்தம் சொல்றது? தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதிடுங்க. பாய், நாளைக்கு வந்துடுங்க."

"பேப்பர்ல வரட்டும் முதலாளி" என்றார் ஹாஜா பாய். குரல் உயரவில்லை. "தக்கை மாட்டியிருந்துச்சுன்னு வரட்டும். வந்தா வர்றேன். இல்லன்னா ஏஜென்டு கையில பாஸ்போர்ட்டக் குடுத்துடுறேன். தக்கை மாட்டத் தெரியாத மெக்கானிக்னு பேரோட இந்த ஊர்ல நான் யாரு வண்டியத் தொட முடியும்?"

ஏஜென்ட் வருவது காலையில். பத்திரிகை வருவதும் காலையில். இடையில் ஒரே ஒரு பதிப்பு.

டெஸ்க்குக்குப் போன் செய்தேன். உதவி ஆசிரியர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "திருத்தம் போட்டா மேல கேப்பாங்க சார், யாரு தப்புன்னு" என்றார். எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. எட்டு மாதம் மிச்சமிருப்பவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பான் என்பது உங்கள் வயதில் தெரியாது.

"நிருபர் தப்புன்னு சொல்லுங்க."

"பூவ எழுதணுமா சார்?"

"எழுதணும். இல்லன்னா பாய் ஏதோ மறைக்கிறாருன்னு பேசுவாங்க."

மறுநாள் ஒன்பதாம் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே, நான்கு வரி வந்தது. தக்கைகள் பொருத்தப்பட்டிருந்தன என்றும், இயந்திர அறையில் சேர்ந்த பூவிதழ்கள் தண்ணீர் வெளியேறும் வழியை அடைத்திருந்தன என்றும், முந்தைய செய்தி தவறு என்றும் அதில் இருந்தது. பூவை அங்கே போட வைத்தது யார் என்பதை நானும் எழுதவில்லை, உதவி ஆசிரியரும் கேட்கவில்லை. நிருபர் தப்பு என்று மேலிடத்தில் சொன்னபோதுகூட, எந்தத் தப்பு என்பதில் ஒன்றைத்தான் சொன்னேன். எழுதாமல் விட்ட அந்த ஐந்தாவது வரியைத்தான் இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஹாஜா பாய் அன்று ஏஜென்டுக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்பினார். மதியம் வேலைக்குப் போனார். மூன்று பத்தியை வாசித்தவர்களில் நான்கு வரியை வாசித்தவர்கள் குறைவு என்பதால், "தக்கை பாய்" என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் அவரே போனை எடுத்து, "தக்கை பாய் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். அது பெருந்தன்மையா, என்னைக் கிண்டல் செய்வதா என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்லியிருப்பார்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் முதலாளி கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்றிருந்தேன், ஆனாலும் கேமராவோடு போனேன். அதே கொட்டகை, அதே சிவப்பு வண்டி, இன்னும் பெரிய மாலை. மூடி மூடியிருந்தது. அதன்மேல் ஹாஜா பாய் உள்ளங்கையை ஊன்றி நின்றிருந்தார்.

"சார், இந்த வருஷமும் தொறக்கணுமா?"

"வேண்டாம் பாய்."

முதலாளி மாலையைக் கைப்பிடியில் போட்டார். படத்தில் சைக்கிள் போலத்தான் தெரிந்தது.

மறுநாள் துறையில், வண்டியைத் தண்ணீரில் இறக்கும் முன், ஹாஜா பாய் என்னைக் கை காட்டி நிறுத்தினார். இரண்டு தக்கைகளையும் விரல்களுக்கிடையில் பிடித்துக் கேமராவுக்கு நேராகக் காட்டினார். பிறகு குனிந்து, ஒன்றை மாட்டித் திருகினார். இன்னொன்றையும் மாட்டித் திருகினார். இரண்டு வெறுங்கையையும் விரித்துக் காட்டினார்.

"படம் எடுத்தாச்சா சார்?"

"எடுத்தாச்சு."

"மணியக் குறிச்சுக்குங்க."

சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். ஒன்பது பன்னிரண்டு.